இடது பேக்கின் பெயர்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டிகிரி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அப்பா ஆழ்கடல் தொழில் பார்க்கிறவர், தங்கல் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். நான் கால்பந்து விளையாடுவேன், ஆனால் ஊர் டீமில் இடம் பிடிக்கிற அளவுக்கு இல்லை. ஆட்டத்தைப் பார்த்து எழுதுவது மட்டும் பள்ளிக்கூட நாளிலேயே பழகிவிட்டது. இப்போது எங்கள் கரையில் நடக்கிற டோர்னமென்ட்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன், கொஞ்சம் பேர் படிக்கிறார்கள்.

சமீபத்தில் ஜிம் மர்ரி என்கிற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 1961 முதல் 1998 வரை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் விளையாட்டுப் பத்தி எழுதியவர். இறந்த நாளன்று காலைப் பத்திரிகையிலும் அவர் பத்தி வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து வேறு எந்த வேலையும் மனதில் ஓடவில்லை. அப்படி ஒருவருடைய வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? தமிழ்ப் பத்திரிகையில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா? அப்பாவிடம் சொன்னதற்கு, "பந்து களிக்கிறவனுக்கே சோறு இல்ல மக்கா, அதப் பாத்து எழுதுறவனுக்கு எவன் தருவான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

திருவிழாவையொட்டி நடந்த ஃபைனலைப் பற்றி நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். எங்கள் ஊர் 0-1 என்று தோற்றது. கோல் விழக் காரணம் எங்கள் இடது பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், 17 வயசுப் பையன். ஏறிப் போய் ஆடிவிட்டுத் திரும்பி வரவில்லை. நடுவில் நின்று தடுக்கிற வழக்கமான ஸ்டாப்பர் தங்கல் போயிருந்தார், படகு கரைக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக நின்றவர் சைடுக்கு ஓட, நடுவில் காலியாகிவிட்டது. நான் இதையெல்லாம் எழுதவில்லை. பையன் எங்கள் தெரு, அவன் அம்மா தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள்.

படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் அண்ணா.

உங்கள் வாசகன்

---

அன்புள்ள தம்பி,

ஊர், நாள், அணிகளின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன்.

கேள்விகளை அப்படியே வைத்துவிட்டு முதலில் இணைப்பைத்தான் படித்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், பிழை இல்லை, வாக்கியம் தடுமாறவில்லை. "இரு அணியினரும் சிறப்பாக விளையாடினர்" என்று தொடங்கி, "71-வது நிமிடத்தில் எதிர்பாராத விதமாக ஒரு கோல் விழுந்தது" என்று போய், விழாக் கமிட்டிக்கும் பங்குத்தந்தைக்கும் நன்றி சொல்லி முடிகிறது. எதிர்பாராத விதமாக என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த கோல் எப்படி விழுந்தது என்று கடிதத்தில் நீங்களே நாலு வரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். யார் ஏறினார், யார் திரும்பவில்லை, யார் எங்கே ஓடினார், எந்த இடம் காலியானது, ஏன் அன்றைக்கு அங்கே வேறு ஆள் நின்றார், எல்லாம் அதில் இருக்கிறது. கிரவுண்டைச் சுற்றி நின்ற பாதிப் பேர் அந்த கோலை அது விழுவதற்கு முன்பே பார்த்திருப்பார்கள். இடது பக்கம் யாரும் இல்லை என்று கத்தியும் இருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் படிக்கிறவருக்கு அது வானத்திலிருந்து விழுந்த கோல்.

கடிதத்தில் இருக்கிற அந்த நாலு வரிதான் பத்தி. நீங்கள் கேட்ட வேலை அதுதான்.

செய்தியாளர் என்ன நடந்தது என்று சொல்கிறார், ஸ்கோர், நிமிடம், யார் அடித்தார். பத்தி எழுதுகிறவர் அதன் மேல் ஒரு தீர்ப்பைத் தன் பெயரைப் போட்டு எழுதுகிறார், மறுநாள் காலை அதே ஊரில் நடமாடவும் செய்கிறார். அந்த வேலையின் கஷ்டம் எல்லாம் இந்தக் கடைசிப் பாதியில்தான் இருக்கிறது. ஆட்டத்தை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் கரையில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், டீக்கடையில் அவர்கள் பேசுவதை அப்படியே எடுத்துப் போட்டாலே பல பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைவிட நன்றாக இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. உங்களுக்கு வந்த தயக்கம், அந்த அம்மா நாளைக்கு வீட்டுக்கு வருவார்களே என்பது, நல்ல தயக்கம். அது இல்லாதவர் எழுதுவதை நான் படிக்கவே மாட்டேன். ஆனால் அந்தத் தயக்கத்தோடு எழுத வேண்டும்.

ஜிம் மர்ரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கடைசி நாள் கதையில் நீங்கள் மயங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1998 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் டெல் மார் மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயத்தைப் பற்றி அவர் எழுதியது காலையில் வந்தது, இரவு போய்விட்டார். வயது 78. சரி, பெரிய விஷயம்தான். ஆனால் என் மனதில் நிற்பது 1979-ல் அவர் எழுதியது. விழித்திரை பிரிந்து அவருடைய இடது கண் பார்வை போய்விட்டது. பார்ப்பதே வேலையாக உள்ள ஒருவருக்குக் கண் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். திரும்பி வந்தவுடன் அந்தக் கண்ணைப் பற்றியே எழுதினார், கூடவே இருந்த பழைய நண்பன் ஒருவன் இறந்துவிட்டதைச் சொல்வதுபோல, அந்தக் கண் எனக்கு எந்தெந்த ஆட்டத்தைக் காட்டியது, எந்த ஆட்டக்காரரைக் காட்டியது, இன்னும் எதையெல்லாம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருக்கிறது என்று. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்குப் பக்கத்தில் எழுதினார், 1990-ல் பத்திரிகை எழுத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினார். விளையாட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்றை எழுத இடம் கொடுத்த பத்திரிகையும், அதை எதிர்பார்த்து வாங்கிய வாசகர்களும் அவருக்கு வாய்த்தார்கள். அந்த உறவு வாரத்துக்குப் பல முறை எழுதி எழுதிப் பல வருஷத்தில் வந்தது.

பல முறை என்பதைச் சும்மா சொல்லவில்லை. ரெட் ஸ்மித் என்று இன்னொருவர், நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூனில் 1945-ல் சேர்ந்தவர், அந்தப் பத்திரிகை மூடின பிறகு 1971-லிருந்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார், 1976-ல் புலிட்சர். 1982 ஜனவரியில் ஒரு பத்தியில், இனி வாரத்துக்கு நாலுக்குப் பதில் மூன்று எழுதப் போகிறேன் என்று வாசகர்களுக்கு அறிவித்தார். நாலு நாளில் இறந்துபோனார். 76 வயதில் ஒருவர் நாலை மூன்றாகக் குறைப்பதை வாசகரிடம் சொல்லிவிட்டுச் செய்கிறார். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, அப்படித்தான் இருக்கும். ஆட்டம் இருக்கிறதோ இல்லையோ, மனசு சரியாக இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் யாருக்கோ காய்ச்சல், நேற்றுப் பார்த்த ஆட்டத்தில் சொல்ல ஒன்றுமே இல்லை, ஆனாலும் இன்று இரவுக்குள் அந்த இடம் நிரம்பியாக வேண்டும். ஒரு நாளிதழின் விளையாட்டு டெஸ்கில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே வாரம் ஒரு பத்தி எழுதிய ஆள் நான். வாரம் ஒன்றே அந்தப் பாடு. பக்கம் முடிக்கிற நேரத்தில் லேஅவுட்காரர் பின்னால் வந்து நிற்பார், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், நின்றாலே போதும்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருகிறேன்.

மாவட்டப் பக்கத்தில் வருகிற விளையாட்டுச் செய்தியை ஒரு வாரம் கத்தரித்து எடுத்துவைத்துப் படியுங்கள். முதல் பாராவில் யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார், யார் குத்துவிளக்கேற்றினார் என்று இருக்கும். அடுத்ததில் யார் கோப்பையை வழங்கினார். அதற்கும் கீழே போனால் எந்த அணி ஜெயித்தது என்று ஒரு வரி. தோற்ற அணி பெரும்பாலும் இருக்காது. படத்தில் வேட்டி சட்டைக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள், ஜெயித்த பையன்கள் முட்டிபோட்டு அவர்கள் காலடியில் இருப்பார்கள், அடிக்குறிப்பில் அவர்களில் ஒருவருடைய பெயரும் இருக்காது. இதை எழுதுகிற பகுதிநேர நிருபரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம், விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், அந்த விளம்பரம் தருகிறவரே மேடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்படி மூன்றாவது வரியை முதல் வரிக்குக் கொண்டுவருவார்? ஆனால் இதன் விளைவு என்ன என்று பாருங்கள். இவ்வளவு ஆடிய ஒரு கரையில், மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய கரையில், யார் எந்த இடத்தில் எப்படி ஆடினார் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாம் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏவிஎம் கால்வாயும், நடுவில் அந்தச் சின்னத் துண்டு நிலம். வருஷா வருஷம் கடலரிப்பு வேறு. வீட்டுக்கே இடம் இல்லாத இடத்தில் ஒரு கிரவுண்டை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஊர் ஆட்டத்தை எப்படி மதிக்கிறது என்று தெரிகிறதல்லவா? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப், ஒரு ஜெர்சி, பக்கத்து ஊரோடு தீராத ஒரு கணக்கு. மணலில் ஆடிப் பழகின கால் புல்லில் ஆடும்போது எப்படி மாறுகிறது, தங்கல் போய்விட்டு வந்த ஆளுக்கு முதல் ஆட்டத்தில் தரை எப்படி இருக்கும், எந்தப் படகு எப்போது வரும் என்பதை வைத்துக் கமிட்டிக்காரர்கள் எப்படி ஆட்ட அட்டவணை போடுகிறார்கள், இதையெல்லாம் நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கிற என்னால் எழுத முடியாது, சென்னையில் இருப்பவரால் நிச்சயமாக முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. உங்கள் கரையில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த டோர்னமென்டில் எந்தெந்த டீமில் எந்தெந்த இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் யாரை நிறுத்தினார்கள், நிறுத்தப்பட்டவன் எப்படி ஆடினான் என்று ஒரு பத்தி வந்திருக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துப் பையன், உங்கள் மேல் பொறுப்பில்லை. இப்போது கேட்டு எழுதலாம், சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

கால்பந்து ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் உங்கள் கரைக்காரர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தாவின் ஏடிகே என்று கிளப்புகளில் ஆடியவர். 2020 மார்ச்சில் ஏடிகே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கியபோது அந்த அணியில் இருந்தார். அதே வருஷம் நவம்பர் 20, அடுத்த சீசனின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸோடு, முதல் பாதியிலேயே முழங்கால் போய்விட்டது, சீசனும் போய்விட்டது. ஏஜென்சி செய்தி அதை இரண்டு வரியில் முடிக்கும், முடிக்கவும் வேண்டும், அதன் வேலை அவ்வளவுதான். அவர் எந்த மணலில் ஆட ஆரம்பித்தார் என்று தெரிந்த, அவர் ஊர் டீக்கடையில் அன்றிரவு டிவிக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டு வரக்கூடிய ஒருவர் எழுதியிருந்தால் அது வேறு. இருபதுகளின் நடுவில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு விங்கருக்கு முழங்கால் என்றால் என்ன என்று அந்தக் கரை முழுக்கத் தெரியும்.

தமிழில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். மாதச் சம்பளத்துக்கு விளையாட்டுப் பத்தி மட்டும் எழுதுகிற வேலை தமிழ் நாளிதழ்களில் அநேகமாக இல்லை. டெஸ்க் வேலை இருக்கிறது, அதாவது ஏஜென்சி அனுப்புவதை மொழிபெயர்த்துத் தலைப்புப் போடுவது, பெரும்பகுதி கிரிக்கெட். கால்பந்துக்கு நம் மேற்குப் பக்கத்தில், மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில், மலையாளப் பத்திரிகை வாங்குகிற வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். தமிழால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்ததைக் கேட்டு வளர்ந்தவர்களைக் கேளுங்கள், பந்து எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே பார்த்ததாகச் சொல்வார்கள். இன்னொன்று, தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. தொடங்கிய டி.வி. ராமசுப்பையர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், தென் திருவிதாங்கூர்த் தமிழர்களின் குரல் வெளியே கேட்க வேண்டும் என்பது நோக்கம். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அடுத்த வருஷம் பத்திரிகை திருநெல்வேலிக்குப் போனது. சொல்ல வேண்டிய அவசியம் வந்தபோது இந்த மாவட்டத்து ஆள் பத்திரிகையே ஆரம்பித்திருக்கிறார். நீங்கள் ஒரு பத்தியை ஆரம்பிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஃபேஸ்புக்கில் எழுதுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட நேரத்தில், தவறாமல் எழுதுங்கள். ஆட்டம் இல்லாத வாரத்திலும்.

அப்பா சொன்னது பணத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. அவரோடு சண்டை போடாதீர்கள். பரீட்சை எழுதுங்கள், ஒரு சம்பளத்தில் உட்காருங்கள். இதைப் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் நல்லவர்கள், கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பார்கள், பொன்னாடை போடுவார்கள், போகும்போது கையில் ஒரு கவரைத் திணிப்பார்கள். வேறு வருமானம் இல்லாதவரால் அந்தக் கவரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் ரெஃப்ரியைப் பற்றியோ, பரிசுப் பணத்தைப் பற்றியோ, கிரவுண்டில் ஆம்புலன்ஸ் ஏன் இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுத முடியாது. மேடைக்குப் போகவே போகாதீர்கள். தோற்கிற டீமின் கோல் போஸ்டுக்குப் பின்னால் நில்லுங்கள், அங்கேதான் கோலியும் ஸ்டாப்பரும் பேசிக்கொள்வது கேட்கும்.

தீர்ப்பு எழுதுவது என்றேன். யார் மேல் எழுதுவது என்பதுதான் முக்கியம், இதில் எனக்கு மிக உறுதியான கருத்து உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஷெர்லி போவிச் என்று ஒருவர், வாஷிங்டன் போஸ்டில் எழுபது வருஷத்துக்கு மேல் எழுதியவர். அந்த ஊர் கால்பந்து அணி (அவர்களுடைய கால்பந்து, நம்முடையது இல்லை) கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் இருந்தது. முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் பெரும்புள்ளி. போவிச் வருஷக்கணக்கில் விடாமல் அதைக் குத்திக் குத்தி எழுதினார். எதிரணியின் கறுப்பின வீரர் ஒருவர் வந்து அடித்துவிட்டுப் போனால், அந்த ஆட்டத்தின் ரிப்போர்ட்டிலேயே, இவருக்கு இந்த அணியில் இடம் கிடையாது என்பதைச் சேர்த்துத்தான் எழுதுவார். கடைசியில் 1962-ல்தான் மாறியது, அதுவும் அவர் எழுத்தால் மட்டும் இல்லை, புதிய ஸ்டேடியம் அரசு நிலத்தில் இருந்ததால் கென்னடி அரசு நெருக்கியது. ஆனால் அதுவரை அந்த விஷயத்தை ஊர் மறக்காமல் பார்த்துக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் வெண்டல் ஸ்மித் இன்னும் கஷ்டமான இடத்தில் இருந்தார். இளைஞராக பேஸ்பால் ஆடியவர், உன் நிறம் வேறாக இருந்தால் எடுத்திருப்பேன் என்று ஆள் எடுக்க வந்தவரே நேராகச் சொல்லிவிட்டுப் போனார். ஆட முடியாதவர் எழுத வந்தார், வாசலைத் திறக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார், பெரிய லீகில் சேர்க்க ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னவர் அவர், 1947-ல் ராபின்சன் முதன்முதலாகப் பெரிய லீகில் ஆடியபோது கூடவே பயணம் போனவரும் அவர். ராபின்சனைப் போலவே அவருக்கும் பல ஊர்களில் ஹோட்டலில் இடம் கிடையாது.

இவர்களுடைய தீர்ப்பு யார் மேல் விழுந்தது பாருங்கள். முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவர்கள் மேல். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கி ஐஎஸ்எல் ஆடுகிற இடது பேக் திரும்பி வரவில்லை என்றால் அவர் பெயரைப் போட்டு, காரணம் சொல்லி, கடுமையாகவே எழுதலாம், அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம். உங்கள் தெருப் பையன் 17 வயது, காசில்லாமல் ஊருக்காக ஆடுகிறான். அவன் பெயரையும் எழுதுங்கள். மறைத்தால் அவன் ஆடவே இல்லை என்றாகிவிடும், 70 நிமிடம் அவன் ஆடியதும் சேர்ந்து காணாமல் போகும். ஆனால் அவன் ஏன் ஏறினான் என்று கேட்டு எழுதுங்கள். யாராவது ஏறச் சொன்னார்களா? கோல் வேண்டும் என்று சைடில் நின்றவர்கள் கத்தினார்களா? அதற்கு முன்னால் எத்தனை முறை ஏறித் திரும்பி வந்தான்? அவனுக்கு மாற்று ஆள் பெஞ்சில் இருந்தாரா? அப்புறம் பெரிய கேள்வி, படகு வராது என்று தெரிந்தும் ஃபைனலை அந்த நாளில் வைத்தது யார், ஏன்? திருவிழா நாள் மாறாது என்பார்கள், அதுவும் நியாயமான பதில்தான், அதையும் எழுதுங்கள். இப்படி எழுதினால் அந்த அம்மா படித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். கோபமாகவும் வரலாம். உட்கார வைத்துப் பேசுங்கள். பத்தி எழுதுகிறவருடைய வாழ்க்கையில் பாதி இந்தப் பேச்சுதான். என்னிடம் அப்படிக் கோபமாக வந்தவர்கள் சிலர்தான் பிறகு எனக்கு எல்லாச் செய்தியும் சொன்னவர்கள்.

என்ன படிப்பது என்று தனியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. இங்கிலாந்தில் நெவில் கார்டஸ், மான்செஸ்டர் கார்டியனில், 1919-ல் உடம்பு சரியில்லாமல் இருந்து எழுந்தவரைக் காற்றோட்டமாகக் கொஞ்ச நாள் கிரிக்கெட் பார்த்து எழுது என்று அனுப்பினார்கள், அதுவே வாழ்க்கையாகிவிட்டது. அதே பத்திரிகைக்கு இசை விமர்சகரும் அவர்தான். விளையாட்டைத் தவிர இன்னொன்றை ஆழமாகத் தெரிந்தவர்கள் எழுதுவதில் ஒரு கனம் இருக்கிறது. உங்களுக்குக் கடல் தெரியும், கடலில் வேலை செய்கிறவர்களைத் தெரியும். அதை அலங்காரத்துக்கு இழுக்காதீர்கள், அலை போலப் பாய்ந்தார், சுறா போலச் சீறினார் என்றெல்லாம் வேண்டாம். காற்று எந்தப் பக்கம், கோலி கிக் ஏன் பாதியில் விழுந்தது, ஸ்டாப்பர் ஏன் இல்லை என்று உள்ளபடி எழுதினாலே கடல் அதில் வந்துவிடும்.

இதே ஆட்டத்தைத் திரும்ப எழுதுங்கள். இரண்டு டீமிலும் ஆடிய 22 பேர் பெயரும் முதலில் நோட்டில் இருக்கட்டும், மாற்று ஆட்கள் பெயரும், ஒவ்வொருவரும் என்ன தொழில் பார்க்கிறார் என்பதும். ரெஃப்ரியின் பெயர் உங்கள் ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை, அவரைப் பார்த்து அந்த 71-வது நிமிடத்தில் ஆஃப்சைடு அப்பீல் ஏதும் வந்ததா என்று கேளுங்கள். முதலில் பையனிடம் பேசுங்கள், எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டே பேசுங்கள், அவன் அம்மாவிடமும் சொல்லுங்கள். அப்புறம் படகு தேங்காப்பட்டணம் வந்து அடைந்ததும் அந்த ஸ்டாப்பரைப் போய்ப் பாருங்கள், ஃபைனல் முடிவு அவருக்குக் கடலில் எப்படித் தெரிந்தது, தெரிந்தபோது யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று. எழுநூறு வார்த்தைக்குள் முடியுங்கள். அனுப்பினால் இதே தளத்தில் உங்கள் பெயரோடு போடுகிறேன், பெயர் இல்லாமல் போட மாட்டேன்.

அன்புடன்
அண்ணன்